இடது கால் மீன், வலது கால் மீன்

என் நாத்தனாருக்கு நாற்பத்தொன்பது வயது வரைக்கும் ஒரு பட்டன் தைக்கத் தெரியாது. அவர் வேலை வெட்டுவது. ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறார். பேச்சும் அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. நான் தையல்காரி. துணிக்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே உள்ள பொந்து மாதிரி அறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு, நீளமான பேன்ட்டைக் குட்டையாக்குவதும், இறுகிப்போன சட்டையைப் பிரித்துவிடுவதுமாகப் பிழைக்கிறேன். ஒரே வீட்டில், நான் அக்கா என்று கூப்பிடும் நாத்தனாரின் குடும்பம் கீழே, நாங்கள் மேலே. "ஒருத்தி வெட்டுவா, இன்னொருத்தி ஒட்டுவா. நடுவுல நாமதான் துண்டு துண்டா கிடக்கோம்" என்று அக்காவின் கணவர் என் கணவரிடம் சொல்லிச் சிரிப்பார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

தொழிற்சாலையில் அக்காவுக்கு 'இன்னொண்ணு' என்று பெயர். அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

தோல், துணி மாதிரி நேர்மையான சரக்கு இல்லை. உயிரோடு இருந்தபோது முள் கீறிய தழும்பு இருக்கும். பூச்சி கடித்த புள்ளி இருக்கும். முதுகுப் பக்கம் கெட்டியாக நிற்கும், வயிற்றுப் பக்கம் இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும். அதன்மேல் ஷூவின் ஒவ்வொரு பாகத்துக்கும் உள்ள இரும்பு அச்சை வைத்து, மேலிருந்து பிரஸ்ஸை இறக்கி வெட்ட வேண்டும். பிஸ்கட் வெட்டும் அச்சைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான், ஆனால் கனமான இரும்புப் பட்டையை வளைத்து, கீழ் விளிம்பைக் கத்தியாகத் தீட்டியிருப்பார்கள். அச்சு வெட்டிவிடும். அதை எங்கே வைப்பது என்பது ஆளைப் பொறுத்தது. மற்றவர்கள் ஒரு தோலை வெட்டி முடித்து மிச்சத்தைத் தூக்கிப் போடும்போது, அக்கா அதை ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். "இன்னொண்ணு வரும்" என்பார். வரும். தழும்பும் இல்லாமல், நீளவும் செய்யாமல், சரியான ஒரு துண்டு வரும். அப்படி வந்த பெயர்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் மிஷின் வந்தது. பெரிய மேஜை, தோலை விரித்தால் திரையில் படம் வரும், எந்தத் துண்டு எங்கே என்று அதுவே கணக்குப் போட்டு, ஒரு சின்னக் கத்தியால் சரசரவென்று வெட்டிவிடும். அச்சும் வேண்டாம், பிரஸ்ஸும் வேண்டாம். பிரிவில் பாதிப் பேர் முகம் தொங்கிப்போனார்கள். அக்கா மட்டும் முதல் நாளே போய் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டார். அதைப் பொருத்த வந்த இன்ஜினியர், "முப்பத்தொண்ணு துண்டு வரும்னு காட்டுது பாருங்க" என்று பெருமையாகத் திரையைக் காட்டியிருக்கிறார்.

அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இந்த நாலையும் கொஞ்சம் திருப்பிப் போட முடியுமா?" என்று கேட்டாராம்.

"முடியும். ஆனா மிஷினே பாத்துதான் போட்டிருக்கு."

"போடட்டும். நீங்க திருப்புங்களேன்."

திருப்பினார். மூலையில் இடம் விழுந்தது. முப்பத்திரண்டு. அந்த இன்ஜினியர் ஊருக்குப் போகும்வரை அக்காவை "மேடம்" என்றுதான் கூப்பிட்டாராம். ஒரு மாதத்தில் அக்கா அந்த மிஷினை ஓட்டப் பழகி, மற்றவர்களுக்கும் பழக்கிவிட்டார்.

பழைய அச்சுகளைத் தொழிற்சாலையின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகே குவித்துவிட்டார்கள். மழை பெய்தது, துரு ஏறியது. பழைய இரும்புக்குப் போகப்போகிறது என்று தெரிந்ததும் அக்கா நேரே மேனேஜரிடம் போனார்.

"எதுக்கும்மா உங்களுக்கு?" என்று கேட்டார் அவர்.

"இப்போ தெரியல சார். ஆனா இதுல ஒவ்வொண்ணையும் என் கையால பத்தாயிரம் தடவை வெச்சு எடுத்திருக்கேன். உருக்கிப் போட மனசு வரல."

அவர் யோசித்துவிட்டு, வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்லி, கேட்டில் காட்ட ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் என் கணவர் தண்ணீர் கேன் போடும் வேனில் அறுபத்துநான்கு அச்சுகள் வீட்டுக்கு வந்து இறங்கின. ஷூவின் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் உள்ளடி, குதிகாலைப் பிடிக்கும் பிறை, விரல்களை மூடும் முகப்பு, கயிற்றுக்குக் கீழே இருக்கும் நாக்கு. எல்லாவற்றிலும் குழந்தை அளவிலிருந்து பெரியவர் அளவு வரை, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

அண்ணன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "இது என்ன?"

"நாக்கு."

"இந்த வீட்டுல ஏற்கெனவே இருக்கிற நாக்கு பத்தாதா? இன்னும் பதினாலு கொண்டு வந்து இறக்கியிருக்கே?"

அக்கா எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். ஒரு மாதம் அவை அங்கேதான் கிடந்தன. கட்டிலுக்கு அடியில் பெருக்கப் போய் முட்டியில் இடித்துக்கொண்ட அண்ணன் மட்டும்தான் அவற்றை அடிக்கடி நினைத்தார்.

என் கடையில் சேரும் துண்டுத்துணிகளை நான் மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, குப்பை வண்டிக்குப் போடுவது வழக்கம். வெட்டின பேன்ட் கால், திரைச்சீலையின் அடிப்பாகம், சட்டைக் கை, இப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மேலே வந்தவர், மூட்டையைப் பிரித்து உட்கார்ந்துகொண்டார். ஒரு பூப்போட்ட திரைச்சீலைத் துண்டைத் தோலைத் தடவுவது மாதிரியே தடவி, இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தார். "இதை எடுத்துக்கவா?" என்றார். மூட்டையோடு எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் கீழே இருந்து ஒரு சத்தம். டொக். என் சமையலறையில் தட்டுகள் குலுங்கின. மறுபடியும் டொக். பத்துப் பன்னிரண்டு தடவை ஆனதும், வீடு விழுவதற்குள் காரணத்தையாவது தெரிந்துகொள்வோம் என்று இறங்கிப் போனேன். அக்கா தரையில் ஒரு நைலான் பலகையைப் போட்டு, துணியை நாலு மடிப்பாக விரித்து, மேலே உள்ளடி அச்சை வைத்து, மரச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பாத வடிவில் துண்டுகள், நாற்பதுக்குக் குறையாது. எல்லாவற்றையும் ஒரே திசையில் படுக்கவைத்திருந்தார்.

"மீன் மாதிரி இருக்குல்ல?" என்றார்.

பார்த்தேன். இடுப்பு ஒடுங்கி, தலைப்பக்கம் அகன்று, அப்படியே மீன்.

"எனக்கு உள்ளடி வெட்டுறப்பல்லாம் மீன் நெனப்புதான். சொன்னா சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார். இருபத்தாறு வருடம் ஒரு மனுஷி வாய்க்குள்ளேயே வைத்திருந்த மீன்கள் அவை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குதிகால் பிறைகளை அடுக்கினால் அலை. குழந்தை ஷூவின் முகப்பை விரித்தால் சிறகு விரித்த பறவை. நாக்குகளை வட்டமாக வைத்தால் தண்ணீரில் மிதக்கும் பூ. ஒரு ஏரி முழுவதும் அக்காவின் கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கிறது. அதைப் போர்வையாக்கப்போகிறேன் என்றார். சரி, கடைசியில் வேலை நம் தலையில்தான் விழும் என்று நினைத்து, "தைச்சுத் தரவாக்கா?" என்று வாயை விட்டேன்.

"வேணாம். ஊசியை எப்படிப் பிடிக்கிறதுன்னு மட்டும் காட்டு."

காட்டினேன். முதல் வாரம் அக்காவின் தையலைப் பார்த்தால் கோழி கிளறின மாதிரி இருந்தது. விரலெல்லாம் பொத்தல். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று வந்தது. தோலை வெட்டினால் விளிம்பு அப்படியே நிற்கும். துணியை வெட்டினால் நூல் பிரியும். விளிம்பை உள்ளே மடித்துத் தைத்தால் வடிவம் போய்விடும். மீன் உருளைக்கிழங்கு மாதிரி ஆகிவிடும். நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். எதுவும் சரிப்படவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா மேலே வந்து, ஒரு மீனை என் கையில் வைத்தார். சுற்றுவட்டம் முழுக்க ஒரே சீராக மடிந்து, கன்னம் வைத்தால் வழுக்கும்போல இருந்தது.

"எப்படிக்கா?"

"எட்டாம் நம்பர்ல துணி. அஞ்சாம் நம்பர்ல அட்டை. அட்டைய உள்ள வெச்சு, துணிய அது மேல மடிச்சுத் தேச்சுட்டு, அட்டைய உருவிடறேன். அவ்வளவுதான்."

ஷூவுக்கு அளவு கூடக் கூட அச்சும் ஒரே சீராகப் பெரிதாகிக்கொண்டு போகும். அந்த வித்தியாசத்தையே மடிப்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டார். பதினெட்டு வருடமாகத் துணியோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இது தோன்றவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். வேலைக்குப் போய்வந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அக்கா கையில் ஊசி. நீல ஜீன்ஸ் கால்கள் ஆழமான தண்ணீராயின. பள்ளிச் சட்டைகளின் வெள்ளையும் சாம்பலும் வானமாயின. இடது கால் அச்சில் வெட்டிய மீன்கள் எல்லாம் ஒரு பக்கமாக நீந்தின, வலது கால் மீன்கள் எதிர்ப் பக்கமாக. இரண்டும் சந்திக்கிற நடு இடத்தில் ஒரே கலவரம். மொத்தம் நூற்றுப் பதினெட்டு மீன். அடியில் ஒரு பழைய கம்பளி, அதற்கும் அடியில் கெட்டியான படுக்கைவிரிப்பு, மூன்றையும் சேர்த்து அலை அலையாக ஓட்டுத்தையல். முடித்து விரித்தபோது அண்ணன் கட்டில் ஓரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். "முட்டியில இடிச்சது வீண் போகல" என்றார்.

நகர மண்டபத்தில் வருடாவருடம் கைவேலைக் கண்காட்சி நடக்கும், மூன்று நாள். போர்வைகளுக்குத் தனிப் போட்டி உண்டு. கொடுத்துப் பார்க்கலாம் என்று அக்காவை நச்சரித்துக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். வெள்ளிக்கிழமை காலை. வரவேற்பு மேஜையில், கண்காட்சியை நடத்தும் சங்கத்தின் தலைவியம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடமாக எம்பிராய்டரி போடுகிறவர். கழுத்தில் கண்ணாடி தொங்கும். அவர் குறை சொல்லாத தையலே இல்லை என்பார்கள். போர்வையை விரித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு மீனாக விரலால் தடவினார். முகம் மலர்ந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பிறகு படிவத்தை எடுத்தார். "எல்லாம் கத்தரியால வெட்டினதுதானே?"

மேஜைக்கு அடியில் அக்காவின் காலை நான் மிதித்தேன். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தால் தீர்ந்தது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இல்லம்மா. அச்சுல வெட்டினது. ஷூவுக்குத் தோல் வெட்டுற அச்சு" என்றார்.

தலைவியம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ சிரமம். கையால வெட்டினதா இருக்கணும்னு விதி இருக்கு. அச்சுன்னா வேலைய அதுவே செஞ்சுடுதே."

அக்கா போர்வையை மடிக்கத் தொடங்கினார். தலைவியம்மாவுக்கே மனது கேட்கவில்லை போல. போட்டிக்கு வெளியே, படிக்கட்டுச் சுவரில் இடம் இருக்கிறது, மாட்டலாம் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படிக்கட்டில் மாட்டவா எட்டு மாதம் என்று முணுமுணுத்தேன். "மாட்டட்டும்" என்றார் அக்கா. "மாடிக்குப் போறவன் படிக்கட்டுல போய்தானே ஆகணும்?"

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா என்னக்கா?"

"அச்சுல வெட்டினதைக் கத்தரியில வெட்டினேன்னு சொன்னா, இருபத்தாறு வருஷமா என்ன பண்ணினேன்னு ஆகும்?" என்றார்.

சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்து தொழிற்சாலை ஆட்கள் வந்தார்கள். 'இன்னொண்ணு' ஏதோ மாட்டியிருக்கிறாராம் என்று செய்தி பரவியிருக்கிறது. முதலில் நாலைந்து பேர். பார்த்தவர்கள் போகாமல் நின்றார்கள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். படிக்கட்டு முழுக்க ஆள். மற்ற ஜனங்கள் அதுவரை ஏரியையும் மீனையும் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று மாடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவர்கள் பார்த்தது வேறு.

"அந்தப் பறவையப் பாரு. நம்ம ஸ்கூல் ஷூ முகப்புடா அது."

"அலையெல்லாம் குதிகால் பிறை. நான் ஒட்டின பிறை எத்தனை லட்சம் இருக்கும்?"

"இந்தப் பக்கம் போறது பூரா இடது கால். அந்தப் பக்கம் வலது. நாலாவது வரிசையில ஒண்ணு மட்டும் மாறிப் போகுது பாத்தியா?"

"அது வேணும்னே வெச்சது" என்றார் அக்கா. "ஜோடி மாத்திப் பெட்டியில போட்டு நம்ம பேக்கிங் பிரிவு வாங்கின திட்டு எனக்கு மறக்கல."

படிக்கட்டே அதிரச் சிரித்தார்கள். கயிறு ஓட்டை அடிக்கும் பிரிவில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் சிரிக்காமல் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாக்கை யாரும் பாக்க மாட்டாங்க. கயித்துக்கு அடியிலயே போயிடும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டுத் தலைவியம்மா வந்தார். என்ன விஷயம் என்று அந்தப் பெரியவர் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார். தலைவியம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "அழகு எனக்கும் தெரியுது. ஆனா வெட்டினது அச்சுதானே? அதுல உங்க கை எங்க இருக்கு?" என்று அக்காவைப் பார்த்தே கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நாளைக்கு அச்சைக் கொண்டு வரேன். நீங்களே வெட்டிப் பாருங்க" என்றார் அக்கா.

ஞாயிறு காலை கீழ்க் கூடத்தில் நைலான் பலகையைப் போட்டோம். என் மூட்டையிலிருந்து கோடு போட்ட சட்டைத் துணியில் ஒரே மாதிரி இரண்டு துண்டுகள் எடுத்துவந்திருந்தேன். இரண்டிலும் ஒரு மூட்டுத் தையல், ஒரு மைக்கறை. தலைவியம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அச்சை நடுவில் வைத்து ஒரு அடி, பக்கத்தில் வைத்து இன்னொரு அடி அடித்தார். இரண்டு மீன் வந்தது. ஒன்றின் வயிற்றில் கறை. இன்னொன்று குறுக்கிழையில் விழுந்ததால், தூக்கியதும் இழுபட்டுக் கோணிக்கொண்டது. மிச்சத்தில் மூன்றாவதற்கு இடம் இல்லை.

அக்கா தன் துண்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வைத்தார், அடித்தார். அச்சைத் தலைகீழாகத் திருப்பி முதல் வெட்டின் இடுப்போடு ஒட்டி வைத்தார், அடித்தார். இப்படியே நான்கு அடி, நான்கு மீன். கறையும் மூட்டுத் தையலும் வெட்டுகளுக்கு நடுவில் கழிவில் போய்விட்டன. சட்டைக் கோடுகள் நான்கிலும் முதுகிலிருந்து வாலுக்கு ஓடின, செதில் மாதிரி.

தலைவியம்மா நான்கையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். கூடத்தில் ஐம்பது பேராவது இருப்பார்கள். எல்லோரும் அவர் கையையே எட்டிப் பார்த்தார்கள்.

"கத்தரிய நான் எங்க வேணும்னாலும் திருப்பிக்கலாம்" என்றார் கடைசியில். "உங்களுக்கு ஒரே அடி. வெச்சா வெச்சதுதான்." பிறகு, "இந்த வருஷம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. விதி விதிதான். அடுத்த வருஷம் படிவத்துல அந்த வரி இருக்காது. நான் பாத்துக்கறேன்" என்றார்.

சொன்னபடி செய்தார். அடுத்த வருடப் படிவத்தில் அந்த வரி இல்லை. அக்கா புதிதாக ஒரு போர்வை கொடுத்தார், முழுக்கப் பறவைகள். கூடத்தின் நடுச்சுவரில் மாட்டினார்கள். மூன்றாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வரவில்லையே என்று எனக்கு ஆற்றாமை. அக்காவோ தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், "மூணாவது வந்திருக்கேன்" என்று நிறுத்திச் சொன்னார். ஊசி பிடித்து இரண்டு வருடம்கூட முடியவில்லை, எழுபது பேரில் மூன்றாவது என்றால் சும்மாவா என்பார். நடுவர்கள் கொடுத்த குறிப்புச் சீட்டில், 'ஓரத்தையல் மூலைகளில் தளர்ந்திருக்கிறது' என்று எழுதியிருந்தது. அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டி, "உண்மையா?" என்றார்.

"உண்மைதான்க்கா."

"அப்புறம் ஏன் நீ சொல்லல?"

"சொன்னா வருத்தப்படுவீங்கன்னு."

"வருத்தப்படறேனா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். நீ சொல்லு" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே நான்கு மூலையையும் பிரித்துப்போட்டார். என் கடைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மூலையை மடிக்கும் விதத்தைக் கற்றுக்கொண்ட பிறகுதான் எழுந்தார்.

ஏரிப் போர்வையை அலமாரியில் பூட்டி வைக்கவில்லை. அண்ணன் தினமும் அதைத்தான் போர்த்திக்கொள்கிறார். இரண்டு முறை துவைத்தாயிற்று, நீலம் கொஞ்சம் வெளுத்து இன்னும் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

இப்போது தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்கான காப்பகத்துக்கு இருபத்திரண்டு சின்ன விரிப்புகள் தயாராகின்றன. அக்கா கேட்டதற்கு மேனேஜர் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் ஆட்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள், ஆளுக்கு ஒரு துண்டு வெட்ட. தன் குழந்தைக்கான விரிப்புக்குத் தானே யானை வெட்ட வேண்டும் என்று பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி அடம்பிடித்தாள். நாக்கையும் பிறையையும் சேர்த்தால் யானை வருமா என்று அக்காவும் அவளும் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். வந்தது. துதிக்கை கொஞ்சம் குட்டை. பதினேழு விரிப்புகள் முடிந்துவிட்டன. மீதி ஐந்துக்கு ஓரத்தையல் போட நான் வரலாமா என்று கேட்டேன். மூலையை ஒழுங்காக மடிப்பதானால் வா என்றார் அக்கா.